நெல்லைச் சீமையில் தடை மீறும் காதல் நாவல்: எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடும் ஊரும் கூடாது என்று சொன்ன காதலை, இந்தக் காலத்தில், திருநெல்வேலிப் பக்கத்தில் வைத்து நாவலாக எழுதுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். கைப்பிரதிகளைத் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோளாறுகளிலிருந்துதான் பெரும்பாலான பதில்கள் வந்திருக்கின்றன. திருநெல்வேலிப் பக்கம் என்று நாங்கள் சொல்வதில் 1986இல் பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்தின் சில ஊர்களும் 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டமும் சேரும். மாவட்டம் பிரிந்தாலும் கொண்டான் கொடுத்தான் உறவு பிரியவில்லை.

தடை என்றாலே சாதிதானா?

சாதிதான் பெரியது. அதைத் தவிர்த்துவிட்டு இந்த ஊர்க் கதையை எழுதுவது கடினம். ஆனால் அது ஒன்றுதான் என்றில்லை.

ஒரே சாதி, வசதியும் ஒன்று, ஆனால் முறைப்படி அண்ணன் தங்கை. பங்காளி வகையில் எங்கோ நான்கு தலைமுறைக்கு முன் பிரிந்த இரண்டு குடும்பங்கள். தாய்வழியில் கிளை என்ற குலப்பிரிவு எண்ணும் சமூகங்கள் இங்கே உண்டு. அவர்களுக்குள் ஒரே கிளையில் கட்டக் கூடாது. பையன் பெண் இருவருக்கும் இது தெரியாமலே பழக்கம் வளர்ந்து, ஒரு சடங்கு வீட்டில் ஆச்சி ஒருத்தி கிளை கேட்கும்போது எல்லாம் தெரியவருவது நல்ல ஐந்தாவது அத்தியாயம்.

மதமும் அப்படித்தான். ஒரே சாதிக்குள் இந்து வீடும் கிறிஸ்தவ வீடும் சம்பந்தம் செய்வது இங்கே பல ஊர்களில் நடக்கிறது; ஆனால் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீடும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடும் எந்தக் கோயிலில் கல்யாணம் என்பதில் முட்டிக்கொண்டு நிற்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம். பாளையங்கோட்டையில் அந்தச் சண்டையில் நிச்சயமே நின்றுபோகலாம். கணவனை இழந்தவள், விவாகரத்தானவள், இரண்டு பெண்கள், மேலப்பாளையத்து முஸ்லிம் பையனும் திருநெல்வேலி டவுன் இந்துப் பெண்ணும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வலி இருக்கிறது.

நாவலுக்குப் பெரிய தடை ஒன்று போதும். அதோடு காதலர்களுக்குள்ளேயே இருக்கிற ஒரு சின்னத் தடையைச் சேருங்கள். அவளுக்கு வேலையை விட மனமில்லை, அவனுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுக்கும் கடமை மிச்சம் இருக்கிறது என்பதுபோல. வெளித்தடை மட்டும் இருந்தால் இருவரும் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டுமே தெரிவார்கள். மூன்று நான்கு பெரிய தடைகளை அடுக்கினால் வாசகர் எதையுமே நம்ப மாட்டார்.

என் நாவலில் தடை வலுவாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மூன்று கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் எழுதிப் பாருங்கள். யார் தடுக்கிறார்? விஷயம் இன்று தெரிந்தால் நாளைக் காலையில் அவர் என்ன செய்வார்? அதனால் காதலர்கள் இழப்பது என்ன?

‘குடும்ப மானம் போகும்’ என்று எழுதியிருந்தால் பதில் இன்னும் வரவில்லை. மானம் எந்த வழியாகப் போகும் என்று எழுத வேண்டும். கிராமத்தில் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, பிரிப்பார்கள். ஒரு வீட்டு வரியை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். வரிப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அப்பா கோயில் வாசலில் நிற்கிறார், எழுதுகிறவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார். இதை எழுதிவிட்டால் ‘மானம்’ என்ற சொல்லே தேவைப்படாது.

இரண்டாவது மகளுக்கு வந்த வரன் நின்றுபோவது, அண்ணன் வேலை பார்க்கும் கடையில் முதலாளி அண்ணாச்சி கணக்கை முடித்துக் கொடுத்து அனுப்புவது, பக்கத்து வயல்காரர் மடையை அடைப்பது, சுபகாரியத்துக்கு யாரும் அழைக்காமல் விடுவது என இழப்புக்கு எப்போதும் ஒரு கை, ஒரு முகம், ஒரு நாள் உண்டு.

அப்பாவையோ அண்ணனையோ வில்லனாக வைத்தால் கதை வேகமாகப் போகுமே?

போகும். ஆனால் வாசகரின் நெஞ்சில் பாரம் ஏறாது. இந்தப் பக்கத்தில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: இந்த வகை நாவலின் முழு வெப்பமும், தடுக்கிறவர் எவ்வளவு பாசமானவர் என்பதிலிருந்து வருகிறது. முறைத்துக்கொண்டே திரிகிற அப்பனை விட்டு ஓடிப்போக யோசிக்கவே வேண்டாம். மகளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர், அவள் ஹாஸ்டலுக்குப் புறப்படும்போது பையில் கருப்பட்டியும் முறுக்கும் வைத்துக் கட்டியவர், பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்று ஒன்றும் பேசாமல் இருந்தவர், அவரே ‘அந்த வீட்டுப் பையனா?’ என்று கேட்கும்போதுதான் அவளுக்கு மூச்சு அடைக்கும்.

எனவே தடுக்கிறவருக்கு முதல் பத்து அத்தியாயங்களுக்குள் குறைந்தது மூன்று பாசக் காட்சிகள் வேண்டும், அவை தடைக்குச் சம்பந்தமில்லாதவையாக இருக்க வேண்டும். அவருக்கு என்ன பயம் என்பதும் ஒரு காட்சியில் தெரிய வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பயத்தைப் புரியவைப்பது வேறு, வன்முறைக்கு நியாயம் கற்பிப்பது வேறு. அடிக்கும் கையை எழுதும்போது கதையின் பார்வை அடிபடுகிறவளோடு இருக்கட்டும். அண்ணனின் ஆத்திரத்தை வீரமாக வர்ணிக்கும் ஒரு பத்தி போதும், நாவல் முழுதும் கெட்டுப்போகும். அந்த மாதிரிப் பத்திகளை நாங்கள் தயங்காமல் வெட்டச் சொல்கிறோம்.

ரிஜிஸ்டர் ஆபீசில் போய் அன்றைக்கே கல்யாணம் முடித்துவிட்டு வருவதாக எழுதலாமா?

எந்தச் சட்டம் என்பதைப் பொறுத்தது. கைப்பிரதிகளில் மிக அதிகமாகத் தப்பாக வரும் இடம் இது.

இருவரும் வெவ்வேறு மதம் என்றால், மதம் மாறாமல் செய்துகொள்ள 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முந்தைய 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுவார்கள். ஒருவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் ஒரு நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். 30 நாளுக்குள் யாரும் ஆட்சேபம் கொடுக்கலாம். வயது, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் கணவன் அல்லது மனைவி, மனநிலை, விலக்கப்பட்ட நெருங்கிய உறவு என்ற வகைக் காரணங்கள்தான் செல்லும். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது செல்லாது. ஆட்சேபம் வந்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று சாட்சிகள் மூன்று பேர். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

கதைக்காரருக்கு இதைவிடப் பெரிய கொடை இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் இருவர் அங்கே அறிவிப்புக் கொடுக்கிறார்கள். நகல் திருநெல்வேலிக்கு வருகிறது. பத்திரம் பதிய வந்த தெருக்காரர் ஒருவர் பலகையில் பெயரைப் பார்க்கிறார். முப்பது நாள் என்பது பத்து அத்தியாயம்.

இருவரும் இந்துக்கள் என்றால் நிலைமை வேறு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967இல் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு அது. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் இருவரும் புரியும் மொழியில் சம்மதம் சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ தாலி கட்டியோ முடிக்கலாம். புரோகிதர் வேண்டாம், முன்னறிவிப்பும் வேண்டாம். வக்கீல் தன் தனிப்பட்ட நிலையில் முன்னின்று நடத்திவைப்பதற்குத் தடையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்யாணம் முடிந்தபின் 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். ஆகவே இந்து ஜோடி ஒரே நாளில் மாலை மாற்றிக்கொள்வது நடக்கக் கூடியதே. பதியும் இடத்தில் வயதுக்கும் முகவரிக்கும் சான்று கேட்பார்கள். சான்றிதழ்கள் அப்பாவின் பீரோவில் இருக்கும். அதை எடுக்கிற ராத்திரியை எழுதுங்கள்.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. மாற்ற முடியாத எண்கள்.

கிளை, பங்காளி விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் சட்டப்படியே கட்ட முடியாது. ஒரே கிளை, ஐந்து தலைமுறைக்கு மேல் விலகிய தூரத்துப் பங்காளி என்பதற்கெல்லாம் பெரும்பாலும் சட்டத் தடை கிடையாது, ஊர்த் தடைதான். எது எது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பெண்ணின் அப்பா புகார் கொடுத்தால் போலீஸ் பிடித்துக் கொடுத்துவிடுமா?

‘மகளைக் காணவில்லை’ என்றுதான் புகார் வரும். பெண் மேஜர் என்றால், கண்டுபிடித்தபின் அவள் விருப்பப்பட்ட இடத்துக்குப் போகலாம். யாரோடும் அனுப்பிவைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் ஸ்டேஷனில் நடப்பது சட்டம் மட்டுமல்ல. இரண்டு பக்கத்தாரையும் உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசுவார்கள், அம்மா காலில் விழுவாள், ‘ஒரு வாரம் மட்டும் வீட்டுக்கு வா, நாங்களே முடித்துவைக்கிறோம்’ என்பார்கள். அந்த ‘ஒரு வாரம்’ என்ற வாக்குறுதி இந்த வகை நாவலின் மிகக் கனமான திருப்பம். அவள் போகலாமா கூடாதா என்று வாசகர் பதறும்படி எழுதுங்கள்.

அடுத்த கட்டம் உயர் நீதிமன்றம். 2004இலிருந்து இந்த மாவட்டத்து வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகின்றன. அப்பா ஆட்கொணர்வு மனுப் போடுவார். நீதிபதிகள் பெண்ணை நேரில் கேட்பார்கள். அவள் சொல்லும் இரண்டு வரிதான் தீர்ப்பை நிர்ணயிக்கும். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அப்பாவும் மகளும் ஒரே காரிடாரில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காத்திருப்பை அவசரமாகத் தாண்ட வேண்டாம்.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணவக் கொலை பற்றிய தீர்ப்பில் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவும், மிரட்டலுக்கு ஆளான ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று சொன்னது. இன்றைய காதலர்கள் இதைக் கைபேசியில் தேடிப் பார்த்திருப்பார்கள். ஒன்றும் தெரியாத அப்பாவிகளாக அவர்களை எழுதினால் கதை முப்பது வருடம் பின்னால் போய்விடும்.

நெல்லைத் தமிழில் உரையாடல் எழுத என்ன விதி?

விவரணையைப் பொதுத் தமிழில் வைத்துக்கொண்டு, பேச்சில் மட்டும் வட்டாரத்தைக் கொண்டுவாருங்கள். எல்லா வரியிலும் ‘ஏலே’ போட்டால் நெல்லைத் தமிழ் ஆகாது. ‘ஏல’ சேக்காளிகளுக்குள் (நண்பர்களுக்குள்) அல்லது பெரியவர் சின்னப் பையனைக் கூப்பிடுவது. அடையாளம் வினைச்சொல்லில் இருக்கிறது: பாக்கேன், கேக்கான், சொல்லுதேன், வாரான். மரியாதையில் வந்தாவ, சொன்னாவ, போறீய, என்ன செய்தீய. இன்னும் சில சொற்கள்: பொறவு (பிறகு), அங்கன (அங்கே), வெரசா (விரைவாக), பைய (மெதுவாக), கொள்ள (நிறைய). அண்ணன் மனைவி மைனி. சைவ வீடுகளில் பாட்டி ஆச்சி. மேலப்பாளையத்தில் வாப்பா, உம்மா. நாகர்கோவில் பேச்சையும் மதுரைப் பேச்சையும் இதில் கலந்துவிடாதீர்கள். திசையன்விளைக்காரருக்கும் பாளையங்கோட்டைக்காரருக்குமே பேச்சில் வித்தியாசம் உண்டு.

கைப்பிரதியில் வழக்கமாக வருவது இது: ‘நான் உன்னை மிகவும் நேசிக்கிறேன். இந்தச் சமூகம் நம்மைப் பிரித்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.’ யாரும் இப்படிப் பேசுவதில்லை. அதே பயம் இப்படி வரும்:

‘எங்க அண்ணன் நாளைக்கு வாரான்.’

‘வரட்டும்.’

‘லேசா சொல்லிட்டீய. ரெண்டு நாளா அம்மா எங்கூடப் பேசல, தெரியுமா?’

‘நீ என்ன சொன்ன?’

‘என்னத்தச் சொல்ல? பொய் சொல்ல வாய் வரல.’

அவள் ‘சொல்லிட்டீய’ என்கிறாள், அவன் ‘நீ’ என்கிறான். இந்த இடைவெளியை நாவல் முழுக்கக் கணக்காக வைத்திருங்கள். அவள் முதல் முறையாக ‘நீ’ என்று சொல்வது எந்த அத்தியாயம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் வரலாம், அழுகையில் வரலாம். ஒருதரம்தான் அந்த வலு கிடைக்கும். ஆகவே இரண்டாவது அத்தியாயத்திலேயே அதைச் செலவழித்துவிட வேண்டாம்.

காதலர்கள் எங்கே சந்திப்பார்கள்? ஆற்றங்கரை எழுதலாமா?

தாமிரபரணிப் படித்துறையில் விடியற்காலையிலிருந்து ஆள் இருக்கும். குளிக்கிறவர், துவைக்கிறவர், எல்லோரும் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தவர்கள். குறுக்குத்துறையில் ஒரு ஜோடி தனியாக உட்கார்ந்து பேசுவது நடக்காத காரியம். நம்பும்படியான இடங்கள்: பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம், கொக்கிரகுளத்து அறிவியல் மையம், வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிகளின் காத்திருக்கும் கூடம், வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டு. செங்கோட்டைப் பாசஞ்சர் ரயில் இன்னும் நல்லது. பேட்டை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தெரிந்த முகம் ஏறுமோ என்ற பயம் கூடவே வரும். பேச்சு நின்று நின்று தொடரும்.

ஓடிப்போகிறவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுவதாக எழுதாதீர்கள். தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது ஜங்ஷன் பிளாட்பாரத்தில்தான்.

பழைய வளவு வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டவுனில் ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் குடித்தனங்கள், பொதுச் சுவர், பொதுக் கிணறு. முன்பகுதியான தார்சாவில் ஒருவர் இருமினால் உள்கூடமான பட்டாசலில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். எதிர் வீட்டில் இருப்பவனை விரும்பிவிட்டு, அவன் கல்யாணப் பேச்சைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்கிற பெண். அங்கே சந்திப்பே வேண்டாம், ஒரே கூரைக்கடியில் இருப்பதே போதும்.

வருடத்தில் ஒரு நாள் இருவரும் ஒரே இடத்தில் தயங்காமல் நிற்கலாம். பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் எங்கிருந்தாலும் தங்கள் குல சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடும். ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதிக் குடும்பங்கள் வருவதும் உண்டு. வேறு வேறு பொங்கல் அடுப்பு, நடுவில் புகை, அந்தப் பக்கம் அவன். கண்ணால் மட்டும் நடக்கும் முழு அத்தியாயம் ஒன்றை இங்கே வைக்கலாம்.

பருவநிலையில் என்ன தப்பு வருகிறது?

ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் கொட்டும் மழையில் நனைகிறார்கள். ஆனி, ஆடியில் அங்கே அடிப்பது காற்று. சாரல் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துக்கு. நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில். கதை 2023இல் நடந்தால் டிசம்பர் 17, 18 வெள்ளத்தைத் தொடாமல் போக முடியாது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முழுதும் தண்ணீர் நின்றது.

உணர்ச்சித் தீவிரம் வர என்ன செய்வது? என் பாத்திரங்கள் அழுதுகொண்டே இருக்கிறார்கள்.

அழுகையைக் குறையுங்கள், கைகளுக்கு வேலை கொடுங்கள். தீவிரம், அடக்குவதில் இருக்கிறது. அடக்குவதைக் காட்ட ஒரு தொழில் வேண்டும்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மடியில் சுளவு (முறம்). ராத்திரியே நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலை. தகட்டு அளவுக்குக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்க வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஆயிரம் என்றால் நாற்பது கட்டு. விரல் தானாக ஓடும், வாய் பக்கத்துவீட்டு மைனியோடு பேசும். இப்போது அவன் சைக்கிள் கடையைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. அவள் நிமிரவில்லை. நூல் இரண்டு சுற்றுக்குப் பதில் நான்கு சுற்று விழுகிறது. தூள் கூடுதலாகிப் பீடி பருத்துவிடுகிறது. சாயங்காலம் கடையில் தரம் பார்க்கிறவர் நாலு கட்டைக் கழித்துப் போடுகிறார். ‘இன்னைக்கு என்னட்டி ஆச்சு ஒனக்கு?’ என்று அம்மா கேட்கிறாள். அம்மா அந்தக் கேள்வியை அடுத்த வாரமும் கேட்கும்போது அவள் குரலில் சந்தேகம் ஏறியிருக்கிறது. காதல் என்ற சொல் இல்லாமல் தொடக்கம், வளர்ச்சி, ஆபத்து மூன்றும் வந்துவிட்டன.

பத்தமடையில் வேறொரு வாய்ப்பு. அங்கே கல்யாணத்துக்கென்று மணமக்கள் பெயரை வைத்துப் பட்டுப்பாய் நெய்து கொடுப்பார்கள். நெய்கிறவள் கதாநாயகியாக இருந்து, பாயில் அவன் பெயருக்குப் பக்கத்தில் வேறொருத்தி பெயரை எழுத்து எழுத்தாக ஏற்ற நேர்ந்தால் அந்த அத்தியாயத்துக்கு வசனமே தேவையில்லை. கோரை முறிந்தால் எங்கே முறிந்தது என்று எழுதுங்கள், மனம் முறிந்தது என்று எழுத வேண்டாம்.

கைபேசி இருக்கும் காலத்தில் பிரிவுத் தவிப்பு எப்படி வரும்?

முன்னைவிட அதிகமாக வரும். வீட்டில் பிடிபட்டதும் முதலில் போவது போன். அதன்பின் அவன் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கும். தங்கச்சியின் போனைப் பத்து நிமிடம் வாங்கி, பேசிவிட்டு, எண்ணை அழிக்க வேண்டும். மாமன் ரீசார்ஜ் செய்யும் எண் என்றால் அவர் கேள்வி கேட்பாரோ என்ற பயமும் உண்டு. ஒரே ஒரு தொழில்நுட்ப விவரத்தை அழுத்தமாகப் பிடித்தால் போதும்.

எத்தனை சொல், எத்தனை அத்தியாயம்?

அச்சு நாவலுக்கு 50,000 முதல் 60,000 சொல் நல்ல அளவு. டெம்மி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு 200 முதல் 220 சொல் என்று வைத்தால் 60,000 சொல் 280 பக்கத்தை ஒட்டி வரும். 1,500 சொல்லில் 40 அத்தியாயம் என்று பிரித்தால் இணையத்தில் தொடராகப் போடவும் வசதி.

நாற்பதில் மூன்றாவதற்குள் இருவரும் சந்தித்திருக்க வேண்டும். ஐந்தில் தடை வாசகருக்குத் தெரிய வேண்டும். பத்தையொட்டி முதல் மீறல். இருபதில் வீட்டுக்குத் தெரிந்துவிட வேண்டும். பல கைப்பிரதிகளில் இது முப்பத்தைந்தில்தான் நடக்கிறது. கடைசி ஐந்து அத்தியாயத்தில் அடி, ஓட்டம், கோர்ட், முடிவு எல்லாம் மூச்சுத் திணற வரும், முதல் முப்பத்தைந்தில் பார்வையும் பெருமூச்சுமாக இருக்கும். தெரிந்தபின் நடப்பதுதான் நாவல், அதற்குப் பாதி இடம் வேண்டும்.

நெருக்கக் காட்சிகள் எவ்வளவு வரை?

கதைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. இருவரும் வயது வந்தவர்கள், இருவருக்கும் சம்மதம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பதினெட்டு நிரம்பாதவர்களை வைத்து எழுதக் கூடாது, போக்சோ சட்டம் இருக்கிறது. மறுத்த பெண்ணைப் பின்தொடர்ந்து மிரட்டிக் காதலிக்க வைப்பது காதல் கதை ஆகாது. தடை அதிகமான கதையில் சின்னத் தொடுகைக்கே பெரிய பலம்: பஸ்ஸில் சில்லறை கைமாறும்போது விரல் படுவதை நூறு சொல்லில் எழுதத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் எளிது.

சாதிப் பெயரை எழுதலாமா?

எழுதலாம். எழுதாமலும் முழு உண்மையைச் சொல்லலாம். எந்தத் தெரு, எந்த டீக்கடை பெஞ்சு, எந்தக் கொடையில் யாருக்கு முதல் மரியாதை, பள்ளிப் பையன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிறு என்ன நிறம், இவை போதும்; இங்கே வாசிப்பவர் புரிந்துகொள்வார். இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அவ்வளவு கூர்மையான அடையாளம் அது. பெயர் சொல்லாமல் விடுவதில் ஓர் ஆபத்து உண்டு. யார் யாரை ஒடுக்கினார்கள் என்பதே மங்கி, இரண்டு பக்கமும் சமமாகத் தவறு செய்ததுபோல ஆகிவிடும். அது பொய். அப்படி ஆகிறதென்றால் பெயரோடே எழுதுங்கள். ஒரு சாதியார் எல்லோருமே இப்படித்தான் என்று கதைசொல்லியின் குரலில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்; பகை மூட்டும் எழுத்துக்குப் பாரதிய நியாய சங்கிதாவின் 196ஆம் பிரிவு இருக்கிறது.

செய்தியில் வந்த ஆணவக் கொலையைப் பெயர் மாற்றி எழுதலாமா?

பெயரை மட்டும் மாற்றி எழுதாதீர்கள். ஊர், தொழில், கொல்லப்பட்ட விதம் ஒன்றாக இருந்தால் யாரென்று எல்லோருக்கும் தெரியும். வழக்கு நடந்துகொண்டிருக்கலாம், அந்தத் தாய் இன்னும் அதே தெருவில் இருப்பார். பல நிகழ்வுகளிலிருந்து நடைமுறையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: எப்படிச் சமாதானம் பேசி வரவழைக்கிறார்கள், யார் முதலில் கூப்பிடுகிறார்கள், எந்தச் சொந்தக்காரர் வழி காட்டுகிறார். ஆட்களையும் இடத்தையும் நீங்களே உருவாக்குங்கள்.

முடிவு சாவா, சேர்வா?

கொன்றால்தான் கனம் என்ற எண்ணத்தை விடுங்கள். இந்த மாவட்டத்தில் நிஜமாகவே கொல்லப்படுகிறார்கள். அதனாலேயே அதை அதிர்ச்சிக்காக மட்டும் பயன்படுத்தக் கூடாது. சாவில் முடித்தாலும் சாவுக்குப் பின் இரண்டு அத்தியாயமாவது வேண்டும், மிச்சமிருப்பவரின் நாட்களுக்காக.

சேர்ந்து வாழ்வதாக முடித்தால் அவர்கள் எதை இழந்தார்கள் என்று காட்டுங்கள். கோயம்புத்தூரில் வாடகை வீடு, இரண்டு பேரின் சம்பளம், குழந்தை. ஆனால் மறுவீட்டுக்கு யாரும் அழைக்கவில்லை, கல்யாணத்தை ஒட்டிய சொதிச் சாப்பாட்டு விருந்து நடக்கவில்லை, பிரசவத்துக்கு அம்மா வரவில்லை. அதில் அசைவு கொண்டுவர ஊர் வழக்கத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது. துட்டி. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருபவரை வாசலில் நிறுத்த மாட்டார்கள். ஆச்சி இறந்த சேதி யார் மூலமாகவோ கிடைத்து, ஆறு வருடம் கழித்து அவள் தெருவுக்குள் நுழைகிறாள். யார் எழுந்து போகிறார், யார் தண்ணீர் கொண்டுவருகிறார், அப்பா பேத்தியைப் பார்க்கிறாரா, அவன் தெருமுனையில் நிற்கிறானா வாசல் வரை வருகிறானா என்று பாருங்கள். அப்பா மனம் மாறிக் கட்டிப்பிடித்து அழுவதாக எழுதினால் முன்னால் கட்டிய தடை முழுதும் சரிந்துவிடும். இங்கே சமாதானம் அவ்வளவு சீக்கிரம் வராது. ஒரு அடி நகர்ந்தால் போதும், அந்த ஒரு அடியை நம்பும்படி எழுதினால் வாசகர் மிச்சத்தைத் தானே நடந்துகொள்வார்.

இணையத்தில் தொடராக வந்ததைப் புத்தகமாகப் போடலாமா?

போடலாம், ஆனால் தளத்தின் ஒப்பந்தத்தில் பிரத்தியேக உரிமை கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். தொடருக்காக ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் வைத்த திடுக்கிடும் கொக்கிகளில் பாதியைப் புத்தகத்தில் எடுத்துவிடுங்கள். தொடர்ந்து வாசிக்கும்போது அவை சலிப்பூட்டும். வாராவாரம் நினைவூட்ட எழுதிய முன்கதைச் சுருக்க வரிகளையும் நீக்க வேண்டும். சொந்தமாக அச்சிட்டால் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையம் வழியாகக் கட்டணமின்றி வாங்கலாம். பதிப்பகத்துக்குக் கொடுத்தால் ராயல்டி விகிதம், எத்தனை படி அச்சு, மின்னூல், ஒலிநூல், திரைப்பட உரிமைகள் யாரிடம் என்று தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். காதல் நாவலைப் படமெடுக்கக் கேட்டு வருகிறவர்கள் உண்டு, அந்த ஒரு வரியை மட்டும் வெற்றாக விட்டுவிடாதீர்கள்.